நம் ஊர் நூலகத்தை அளந்து பார்ப்போம்



இந்த மாதப் பாடத்திலும் கணக்கு உண்டு. ஆனால் இது சேமிப்புக் கணக்கோ கடன் கணக்கோ இல்லை, ஒரு கட்டடத்தை அளக்கிற கணக்கு. குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள். பக்கத்தில் ஒரு இஞ்ச் டேப் இருந்தால் நல்லது. தையல் தைக்கிற உறுப்பினர் வீட்டு டேப்பே போதும்.

நாங்கள் மாதம் தவறாமல் போய்வரும் ஊர் ஒன்றில் ஊராட்சி நூலகம் இருக்கிறது. அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், 2006-க்கும் 2011-க்கும் இடையில் எல்லா ஊராட்சிகளிலும் கட்டினார்களே, அந்த மாதிரி ஒற்றை அறைக் கட்டடம். வாசலில் ரெண்டு படி. முன்னால் ஒரு புங்க மரம்.

அந்த மரத்தடியில் சாயங்காலம் ஆனால் ஒரு பெண் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். நம் குழு உறுப்பினர் ஒருவரின் மகள். சின்ன வயதிலேயே ரெண்டு காலும் நடக்க முடியாமல் போனது. பிளஸ் டூ முடித்து குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். கூட வருகிற தோழி உள்ளே போய்ப் புத்தகம் எடுத்து வருவாள், இவள் மரத்தடியிலேயே படிப்பாள். நல்ல ஏற்பாடுதானே என்று நாங்களும் ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டே போயிருக்கிறோம்.

ஒரு நாள் பேச்சுவாக்கில், "உள்ளே என்னென்ன புத்தகம் இருக்கும்மா?" என்று கேட்டோம். "தெரியாதுக்கா. அவ எடுத்துட்டு வர்றது மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்த அலமாரி எப்படி இருக்கும்னே நான் பார்த்ததில்ல" என்றாள்.

எங்களுக்குச் சுருக்கென்றது. புத்தகம் கையில் கிடைப்பது வேறு, நாமே பார்த்து எடுப்பது வேறு. ரேஷன் கடையில் பக்கத்து வீட்டுக்காரர் நமக்காக வாங்கி வந்தால் அரிசி வந்துவிடும். துணிக்கடையில் அப்படி விடுவோமா? நாலு சேலையாவது பிரித்துப் பார்த்தால்தானே மனசு ஆறும்.

படியில் இருந்த இன்னொரு சிக்கல்

அந்த ஊர்க் கூட்டமைப்புக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தோம். "நம்மில் எத்தனை பேர் நூலகத்துக்குப் போகிறோம்?" என்று கேட்டதற்கு மூன்று பேர்தான் கை தூக்கினார்கள். ஏன் என்றால், "அந்தப் படியில எப்பப் பார்த்தாலும் ஆம்பளைங்க உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாங்க. அவங்களைத் தாண்டி எப்படிப் போறது?" என்றார்கள்.

அவர்கள் ஏன் படியில் உட்காருகிறார்கள் என்று அந்தப் பெரியவர்களிடமே போய்க் கேட்டோம். "உள்ளே போய் நின்னு பாருங்கம்மா, தெரியும்" என்றார் ஒரு தாத்தா. போய் நின்றோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு இட்லிக் கொப்பரைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. நூலகரே நாற்காலியை வாசலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுத்தான் பதிவேடு எழுதுகிறார்.

வெயில் ஆண்களைப் படிக்குத் தள்ளுகிறது, படியில் அவர்கள் இருப்பது பெண்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. அதே படி சக்கர நாற்காலியை மரத்தடியில் நிறுத்தி வைக்கிறது. சூட்டைக் குறைப்பதும் கரண்டை மிச்சப்படுத்துவதும் ஒரு வேலை, மாற்றுத்திறனாளிக்கு வழி செய்வது வேறு வேலை என்றுதான் முதலில் நினைத்திருந்தோம். அந்த ஊர் வாசலில் நின்று பார்த்தபோது ரெண்டும் ஒரே வேலையாகத் தெரிந்தது.

நாங்கள் செய்த தவறு

இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம், உங்கள் ஊரில் இது நடக்கக் கூடாது. கூட்டமைப்பு தீர்மானம் போட்டு, "நூலகத்துக்குச் சாய்தளம் வேண்டும்" என்று ஊராட்சிக்கு மனு கொடுத்தோம். ஓட்டுச்சாவடிப் பள்ளிகளில் வாசலில் சரிவாகச் சிமெண்ட் போட்டிருப்பார்களே, அதுதான் சாய்தளம். நல்ல காலம், மறுக்கவில்லை. வேறு வேலையில் மீந்த சிமெண்டை வைத்து ரெண்டே நாளில் போட்டும் கொடுத்தார்கள். நாங்கள் சந்தோஷமாக ஃபோட்டோ எடுத்து, மாத அறிக்கையில் "மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி செய்யப்பட்டது" என்று எழுதினோம்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணை அவள் அம்மா தள்ளிக்கொண்டு வந்தார். பாதி தூரம் ஏறியதும் நாற்காலி பின்னால் சரிய ஆரம்பித்தது. அம்மாவும் தோழியும் முட்டுக்கொடுத்து நிறுத்தாமல் இருந்திருந்தால் கவிழ்ந்திருக்கும். கீழே வந்து மூச்சு வாங்கியதும் அவள் சொன்னாள்: "அக்கா, இது எனக்குப் போட்டதில்ல. ஃபோட்டோவுக்குப் போட்டது."

தப்பு கொத்தனார் மேல் இல்லை. 'சாய்தளம் வேண்டும்' என்று எழுதிய நாங்கள், எவ்வளவு நீளம், எவ்வளவு சரிவு என்று எழுதவில்லை. அந்த நாற்காலியில் உட்காருகிறவளை அழைத்துக் கேட்கவும் இல்லை. சமூகப்பணிப் படிப்பில் பயனாளியின் பங்கேற்பு என்று பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு வந்தவர்கள்தான் நாங்கள்.

ஒரு அங்குலத்துக்கு ஒரு அடி

சாய்தளத்துக்கு 1-க்கு 12 என்று ஒரு அளவு இருக்கிறது. ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம். நமக்கு இதை நினைவில் வைப்பது சுலபம். 12 அங்குலம் என்றால் ஒரு அடி. அதனால் தரையிலிருந்து வாசல் எத்தனை அங்குல உயரமோ, சாய்தளம் குறைந்தது அத்தனை அடி நீளம் இருக்க வேண்டும்.

அந்த நூலகத்தில் ரெண்டு படி, ஒவ்வொன்றும் 7 அங்குலம். மொத்தம் 14 அங்குலம். ஆக, 14 அடி நீளம் வேண்டும். போட்டிருந்ததோ 4 அடி! மாட்டுக்கொட்டகை மேட்டுக்கு ஏற்றுகிற சரிவு அது.

"14 அடிக்கு எங்கம்மா போறது? வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல 10 அடிதானே இருக்கு" என்றார் கொத்தனார். நியாயமான கேள்வி. பல ஊர்களில் இங்கேதான் பேச்சு முடிந்துபோகும். சாய்தளம் வாசலுக்கு நேராகத்தான் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முன்சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஏற்றி, வாசலுக்கு முன்னால் சமதளமாக முடிக்கலாம். இடம் இன்னும் குறைவாக இருந்தால் பாதியில் ஒரு சமதளம் கொடுத்து, அங்கிருந்து திருப்பிவிடலாம். அந்த ஊரில் சுவரை ஒட்டி ஒரு தகவல் பலகை நின்றது. அதைப் பிடுங்கி நாலடி தள்ளி நட்டதும் வழி கிடைத்துவிட்டது.

இந்தத் தடவை அவளை வைத்துக்கொண்டே அளந்தோம். அப்போதுதான் நாங்கள் யோசிக்காததெல்லாம் வந்தது. மேலே ஏறினதும் நாற்காலியைத் திருப்ப இடம் வேண்டும், அதற்கு வாசல் முன்னால் 5 அடிக்கு 5 அடி சமதளம். சாய்தளத்தின் அகலம் 4 அடிக்குக் குறையக் கூடாது. ரெண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய், ஒன்று சுமார் 3 அடி உயரத்தில், இன்னொன்று அதற்குக் கீழே இரண்டரை அடியில். கீழ்க்குழாய் நாற்காலியில் இருப்பவருக்கும் குழந்தைகளுக்கும், மேல்குழாய் முட்டிவலிக்காரப் பாட்டிகளுக்கும். ஓரத்தில் மூணு அங்குலத்துக்கு வரம்பு மாதிரி கட்டினால் சக்கரம் வெளியே விழாது. தளத்தில் டைல்ஸ் வேண்டவே வேண்டாம், மழையில் வழுக்கும். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே விளக்குமாறால் குறுக்கே கோடு இழுத்தால் நல்ல பிடிமானம் கிடைக்கும். சரிவு முடிகிற இடத்தில் மழைத்தண்ணீர் தேங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தேங்கினால் அத்தனை வேலையும் வீண்.

அடுத்தது கதவு. திறந்தபின் உள்ளே போகிற இடைவெளி 3 அடி இருக்க வேண்டும். அங்கே ரெட்டைக் கதவில் ஒரு பக்கத்தைப் பல வருஷமாகத் தாழ்ப்பாள் போட்டே வைத்திருந்தார்கள். துருவுக்கு எண்ணெய் விட்டுத் திறந்ததும் வழி சரியாகிவிட்டது, ஒரு பைசா செலவில்லை. நிலைப்படிதான் கொஞ்சம் பேச்சாகிவிட்டது. ரெண்டு அங்குல உயரம், சக்கரம் முட்டி நிற்கும். எடுத்துவிடலாம் என்றதும் கூட்டமைப்புத் தலைவியே, "ஆயுத பூஜைக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிற நிலைப்படியைப் பேர்க்கவா?" என்று தயங்கினார். கடைசியில் பேர்க்கவில்லை. ரெண்டு பக்கமும் ரெண்டடிக்குச் சரிவாகச் சிமெண்ட் அணைத்துவிட்டார்கள். நிலைப்படியும் இருக்கிறது, சக்கரமும் போகிறது.

சாய்தளம் மாற்றுத்திறனாளிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நிறைமாத கர்ப்பிணி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வருகிற தாய், கண்புரை ஆபரேஷன் முடிந்து தட்டுத்தடுமாறி வருகிற மாமியார், எல்லாருமே படியைவிட அதில்தான் வருகிறார்கள்.

கூரை ஏன் சாயங்காலத்தில் சுடுகிறது?

காங்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடிக்கும். குடித்த சூட்டைச் சாயங்காலமும் முன்னிரவிலும் கீழே விடும். நூலகம் திறந்திருப்பதும் அந்த நேரம்தான். அடியில் ஃபேன் போட்டால், சூடான காற்றையே சுற்றிச் சுற்றி நம் மேல் அடிக்கும். இன்னொரு ஃபேன் மாட்டினாலும் அதே கதை, கரண்ட் பில் மட்டும் ஏறும். ஆகவே முதல் வேலை ஃபேனில் இல்லை, கூரையில்.

கோடைகாலத்தில் கோயில் பிரகாரத்தில் வெள்ளைப் பட்டையாகப் பெயிண்ட் அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் நடந்தால் கால் சுடாது, ஓரடி தள்ளிக் கல்லில் வைத்தால் பொரிந்துபோகும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், கறுத்த தளம் இழுத்துக்கொள்ளும். கோயில் தரைக்குச் செய்வதைத்தான் நூலகக் கூரைக்கும் செய்ய வேண்டும்.

ஊராட்சியின் சம்மதம் வாங்கிக்கொண்டு நம் உறுப்பினர்கள் சிலர் மேலே ஏறினார்கள். பல வருஷத்துப் புங்க இலை மக்கி, தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்துக் கிடந்தது. முதலில் கூட்டி அள்ளி, குழாயைக் குத்திவிட்டு, தளத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டார்கள். விரிசல் இருந்த இடத்தைக் கொத்தனார் பூசிக்கொடுத்தார். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒழுகுகிற கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தால், வெள்ளையாக ஒழுகும், அவ்வளவுதான்.

பிறகு சுண்ணாம்பு. முதல் நாளே ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குப் பசை கலந்து, காலை வெயில் ஏறுவதற்குள் ஒரு பூச்சு, அது காய்ந்தபின் மறுபூச்சு, அதற்கும் மேல் மூன்றாவது பூச்சு. நீற்றும்போது சுண்ணாம்பு கொதிக்கும். முகத்தை நீட்டிப் பார்க்காதீர்கள், பிள்ளைகளைக் கிட்டவே விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வேலை. கைப்பிடிச் சுவர் இல்லாத தளத்தில் ஓரத்துக்குப் போக வேண்டாம், அந்த இடத்தைப் பழகிய ஆளிடம் விடுங்கள்.

சுண்ணாம்பு மழையில் கரையும், வருஷா வருஷம் மாசி பங்குனியில் திரும்ப அடிக்க வேண்டும். வெயிலைத் திருப்புகிற வெள்ளைப் பெயிண்டும், கூலிங் டைல்ஸும் கடையில் கிடைக்கின்றன. அவை கூடுதல் நாள் நிற்கும், விலையும் கூடுதல். ஊராட்சியில் பணம் இருந்தால் அதைக் கேளுங்கள், இல்லையென்று காத்திருக்க வேண்டாம்.

கூரை முடிந்ததும் ஜன்னலைப் பார்த்தோம். நாலு ஜன்னலில் ரெண்டை மறைத்து அலமாரி நின்றது. அலமாரியைச் சுவர்ப் பக்கம் நகர்த்தி எதிரெதிர் ஜன்னலைத் திறந்ததும் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. மேற்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு போதவில்லை, இப்போதைக்குத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டியிருக்கிறார்கள்.

சுண்ணாம்பு அடித்த பத்து நாளில், நாங்கள் யாரிடமும் எதுவும் சொல்லாமலே, படியில் உட்கார்ந்திருந்த தாத்தாக்கள் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

ஒரு கரண்ட் கணக்கு

ஒருவர் எழுத, மற்றவர்கள் சரிபாருங்கள். 1,000 வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்.

அங்கே 4 பழைய டியூப் லைட். ஒன்று 40 வாட், சோக்கு இழுப்பதையும் சேர்த்தால் சுமார் 50 வாட். நாலுக்கும் 200. பழைய ஃபேன் ரெண்டு, ஒன்று 75 வாட் வீதம் 150. மொத்தம் 350 வாட். தினம் 5 மணி நேரம் ஓடினால் 1,750, அதாவது ஒன்றேமுக்கால் யூனிட். மாதம் 25 நாளுக்குக் கிட்டத்தட்ட 44 யூனிட்.

அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. டியூப் 4 போட்டால் 80. பி.எல்.டி.சி. என்று கடையில் கேட்டு வாங்கும் புது வகை ஃபேன் சுமார் 30 வாட்தான், ரெண்டுக்கு 60. மொத்தம் 140 வாட். 5 மணி நேரத்துக்கு 700. மாதத்துக்குப் பதினேழரை யூனிட். பாதிக்கும் கீழே! ஃபேன் வாங்கும்போது அட்டைப் பெட்டியில் நட்சத்திரக் குறி பாருங்கள், 2023 முதல் சீலிங் ஃபேனுக்கு அது கட்டாயம். அந்த ஊரில் டியூப்களை மாற்றிவிட்டார்கள், ஃபேன் ஒன்று மாறியிருக்கிறது, இன்னொன்று பழையதுதான்.

அதற்கும் மேலே, படிக்கிற மேசையை ஜன்னலோரம் போட்டால் ஆறு மணி வரை லைட்டே வேண்டாம். டியூப் லைட் மேசைக்கு மேலே இருக்கட்டும். பல நூலகங்களில் அது அலமாரியின் தலைக்கு மேல் எரிகிறது. நாற்பது வயதைத் தாண்டினால் நமக்கு வெள்ளெழுத்து வந்துவிடும், நல்ல வெளிச்சம் இல்லாமல் பத்திரிகை எழுத்து புழுவாக நெளியும். "எனக்கு இனிமே படிக்க வராது" என்று ஒதுங்குகிற உறுப்பினர்கள் பலருக்கு வேண்டியது ஒரு கண்ணாடியும் சரியான இடத்தில் ஒரு லைட்டும்தான்.

"சோலார் போட்டுடலாமே" என்று ஒரு பிரதிநிதி கேட்டார். போடலாம். ஆனால் 44 யூனிட் செலவுக்கு சோலார் போடுவதைவிட, முதலில் செலவைப் பதினேழாகக் குறைத்துவிட்டுப் போட்டால் சின்னதாகவே போதும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் முன் ஓட்டையை அடைப்பது நம் வீட்டு வழக்கம்தானே.

உள்ளே

அலமாரிகளுக்கு நடுவில் 3 அடி வழி. எங்காவது ஓரிடத்தில் நாற்காலியைத் திருப்ப 5 அடி. மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய வேண்டும், குறுக்குச் சட்டம் இருந்தால் நுழையாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி எட்டுவது தரையிலிருந்து ஒன்றேகால் அடிக்கும் 4 அடிக்கும் இடைப்பட்ட தட்டுகள்தான். அதிகம் கேட்கும் புத்தகங்களை அந்தத் தட்டுகளில் வைக்கச் சொன்னோம். சுவிட்ச் போர்டும் 4 அடிக்கு மேல் போகக் கூடாது. படியின் ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் பட்டை அடித்தால் பார்வை மங்கியவருக்குப் படி தெரியும்.

பார்வை இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்லி பிரிவு உண்டு. மின்சாரம், தண்ணீர் சிக்கனத்துக்காகப் பசுமைக் கட்டடத் தங்கச் சான்று வாங்கிய கட்டடம் அது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகச் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016-இல் தொடங்கப்பட்டது. நூலகத்தில் கம்ப்யூட்டர் இருந்தால் அதில் பதிந்துகொள்ள உதவச் சொல்லுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது?

முதலில் நூலகத்தின் பெயர்ப் பலகையைப் படியுங்கள். 'ஊராட்சி நூலகம்' என்றால் பராமரிப்பு ஊராட்சியைச் சேர்ந்தது. ஊராட்சித் தலைவரிடமோ, தனி அலுவலர் பொறுப்பில் இருந்தால் அவரிடமோ போக வேண்டும். 'கிளை நூலகம்', 'ஊர்ப்புற நூலகம்', 'பகுதி நேர நூலகம்' என்றால் அது பொது நூலகத் துறை, மனு மாவட்ட நூலக அலுவலருக்கு. முகவரி மாறிப்போன மனு மாசக்கணக்கில் சுற்றும், நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கேட்கத் தயங்க வேண்டாம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். வீட்டு வரி 100 ரூபாய் என்றால் நூலக வரி 10 ரூபாய். 1948-ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டத்தின்படி வசூலிப்பது இது. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. நூலகத்துக்குள் கால் வைக்காதவர்களும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இன்னொரு சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களையும், விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் எல்லாரும் நுழையும்படி மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் 2017-இல் வந்தன. கெடு 2022-லேயே முடிந்துபோனது. மனுவில் இந்த வரியை எழுதுங்கள், சண்டைக்கு நிற்பது போல் இல்லாமல் ஞாபகப்படுத்துவது போல.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். சாய்தளம் என்று மட்டும் எழுதாமல், "14 அங்குல உயரத்துக்கு 14 அடி நீளம், 4 அடி அகலம், இருபுறமும் கைப்பிடி" என்று அளவோடு தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். அந்த ஊரில் ரெண்டாவது சாய்தளம் ஊராட்சி நிதியில்தான் வந்தது, ஏழு மாதம் ஆனது. பொதுமக்கள் ஒரு பங்கு செலுத்தினால் அரசு மீதியைத் தருகிற நமக்கு நாமே திட்டத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்றில் மட்டும் நாங்கள் கறாராக இருக்கிறோம். குழுவின் சேமிப்பையோ கூட்டமைப்பின் நிதியையோ இதில் போடாதீர்கள். சேமிப்பு, உறுப்பினர்களின் கடன் தேவைக்கு. பொதுக் கட்டடம் அரசின் பொறுப்பு, அதற்கான வரியை ஏற்கெனவே கட்டிவிட்டோம். ஒரு நாள் உழைப்பு கொடுக்கலாம், சுண்ணாம்பு அடித்தது அப்படித்தான். அதையும் மனப்பூர்வமாக வருகிறவர்கள் செய்தால் போதும், வராதவருக்கு அபராதம் போட வேண்டாம்.

இப்போது

மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் 1931-இல் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். கனகசபைப் பிள்ளை என்பவர் ஏற்பாடு செய்த வண்டி அது, நூலக அறிஞர் சீர்காழி இரங்கநாதன் தொடங்கி வைத்தார். நம் ஊர்ப் பெண்ணால் 14 அங்குலம் ஏற முடியாமல் இருந்ததை நினைத்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது.

புதுச் சாய்தளத்தில் அவள் முதல் நாள் யாரும் தள்ளாமல் தானே ஏறினாள். அலமாரியை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நிதானமாகப் பார்த்தாள். எங்களுக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் கிளம்ப மனம் வரவில்லை. தேர்வுப் புத்தகம் எடுப்பாள் என்று நினைத்தோம். எடுத்தது ஒரு துப்பறியும் கதை. "இத்தனை நாளா இது இங்கேயேவா இருந்துச்சு?" என்று தோழியிடம் கோபமாகக் கேட்டாள். "நீ குரூப் 4 புக்குதானே கேட்ட" என்றாள் அவள்.

கழிப்பறை இன்னும் இல்லை. பெண்கள் அரை மணி நேரத்துக்கு மேல் உட்காராததற்கு இப்போது அதுதான் காரணம். நூலகத்துக்குப் பின்னால் இடம் இருக்கிறது. சக்கர நாற்காலி நுழைகிற அளவோடு அடுத்த கிராம சபைக்கு மனு தயாராகிறது.

அடுத்த கூட்டத்துக்கு முன் செய்ய வேண்டியது

குழுவிலிருந்து மூன்று பேர் இஞ்ச் டேப்போடு உங்கள் ஊர் நூலகத்துக்குப் போங்கள். ஊரில் நடக்கச் சிரமப்படுகிறவர் ஒருவரையும், வயதான ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் சொல்வதை எழுதுங்கள். வாசல் உயரம், கதவின் அகலம், நிலைப்படி, அலமாரி நடுவில் உள்ள வழி, எத்தனை லைட், எத்தனை ஃபேன், எத்தனை ஜன்னல் மறைந்திருக்கிறது, கழிப்பறை உண்டா என்று பாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு உள்ளே பத்து நிமிஷம் உட்கார்ந்தும் பாருங்கள். எல்லாவற்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஊக்குநர் வழியாகக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள். ஏற்கெனவே சாய்தளம் இருக்கிற ஊர்க்காரர்கள், அதையும் அளந்து எழுதுங்கள்.